ஓடுகிற நாயின் குட்டி ஓடுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (கோவில்பட்டி வாசகர்): என்னிடம் இரண்டு வயது சிப்பிப்பாறைப் பெட்டை இருக்கிறது. இணை சேர்க்க இரண்டு கடுவன்கள் கிடைக்கின்றன. ஒன்று கண்காட்சியில் பரிசு வாங்கியது, மூன்று தலைமுறைக்குப் பேப்பர் (வம்சாவளிச் சான்று) உண்டு. மற்றது ஆட்டுக்கிடையில் நிற்கிற நாய். பேப்பர் கிடையாது, ஆனால் ஓட்டத்தில் அதை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை என்கிறார்கள். எதற்குப் போடலாம்?

பதில்: பரிசையும் ஊர்ப் பேச்சையும் ஓரமாக வையுங்கள். இரண்டையும் ஒரே நிலத்தில், ஒரே காலையில் ஓடவிட்டுப் பாருங்கள்.

கண்காட்சியில் நடுவர் பார்ப்பது நிற்கிற தோற்றமும் கொஞ்சம் நடையும்தான். உயரமும் ஒட்டிய வயிறும் நீண்ட மூஞ்சியும் அங்கே எடுபடும். அதை மட்டுமே தேடித் தேடிச் சேர்த்தால் சில தலைமுறையில் உயரம் கூடும், நெஞ்சு ஒடுங்கும், தோள் சரிவில்லாமல் முன்னங்கால் நட்டு வைத்த மாதிரி இறங்கும். இப்படிப்பட்ட நாய் நேராக ஓடிவிடும். திரும்பும்போதுதான் முன்னங்கால் மூட்டும் விரலும் அடி வாங்கும்.

கல்லில்லாத தரையில் 300 மீட்டர் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். பத்து நிமிடம் நிழலில் நிறுத்தி மறுபடி ஓடவிடுங்கள். முதல் ஓட்டத்தைவிட இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. பத்து நிமிடத்தில் மூச்சு ஓரளவு அடங்கியதா? கயிற்றை அவிழ்த்ததும் தானே கிளம்பியதா, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதா? ஓடி முடித்ததும் நான்கு பாதத்தையும் தூக்கிப் பாருங்கள். விரல்கள் வளைந்து நெருங்கி இருக்க வேண்டும், விரிந்து தட்டையாக இருக்கக்கூடாது. பாதத்தின் அடிமெத்தையில் கிழிசல் இருக்கக்கூடாது. மறுநாள் காலையில் படுத்த இடத்திலிருந்து எழும்போது முதல் நாலு அடியைக் கவனியுங்கள். அதில் நொண்டினால் உள்ளே ஏதோ குறை இருக்கிறது. எத்தனை கோப்பை வைத்திருந்தாலும் அந்த நாய் வேண்டாம்.

அடுத்து, அந்த நாயை விட்டுவிட்டு அதன் சொந்தபந்தத்தைப் பாருங்கள். ஒரு ஈத்தில் ஒன்றே ஒன்று பிரமாதமாக ஓடி மற்றதெல்லாம் சுமார் என்றால், அந்த ஒன்று தன் திறமையைக் குட்டிக்குக் கடத்தும் என்று நம்ப முடியாது. ஐந்து குட்டியில் நாலு நன்றாக ஓடும் ஈத்திலிருந்து வந்த நடுத்தரக் கடுவன் அதைவிட மேல். அந்தக் கடுவனுக்கு ஏற்கெனவே குட்டிகள் இருந்தால், குறைந்தது இரண்டு வேறு பெட்டைகளிடம் பிறந்தவற்றைப் பாருங்கள். ஒரு பெட்டையிடம் மட்டும் நல்ல குட்டி வந்திருந்தால் பெருமை பெட்டையுடையதாக இருக்கலாம். குட்டிக்குப் பாதி தாயிடமிருந்து வருகிறது, போதாததற்கு வளர்ப்பதும் தாய்தான். நம் ஆட்கள் கடுவனைத் தேடி ஊர் ஊராக அலைவார்கள், பெட்டையை மட்டும் கேள்வி கேட்க மாட்டார்கள். உங்கள் பெட்டையையும் இதே ஓட்டத்தில் வையுங்கள்.

கிடை நாய் தேறினால் ஒரு எச்சரிக்கை. அவிழ்த்துவிட்டுத் திரிகிற கடுவனின் குறியில் இரத்தம் சொட்டுகிறதா, பூக்கோசு மாதிரி சதை வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இணை சேரும்போது தொற்றும் கட்டி அது. கால்நடை மருத்துவர் வாரம் ஒரு ஊசி வீதம் சில வாரங்களில் குணமாக்கிவிடுவார், அதுவரை சேர்க்கக்கூடாது. கடுவன், பெட்டை இரண்டுக்குமே புரூசெல்லா என்ற கிருமிக்கான இரத்தப் பரிசோதனை எடுங்கள். அந்தக் கிருமி தொற்றிய நாய் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் 45 நாளைத் தாண்டிய சினை கலைந்துபோகும், பிறகு பெட்டை பிடிக்காமலே போகலாம். மனிதருக்கும் தொற்றக்கூடியது.

பேப்பர் இல்லாததற்காக ஒதுக்க வேண்டாம். இன்றைக்கே தொடங்குங்கள்: 15 இலக்க மைக்ரோசிப், இரண்டு பக்கப் படம், தெரிந்தவரை தாய் தகப்பன், ஓட்டக் குறிப்பு. மூன்று தலைமுறையில் அது உண்மையான பேப்பராகிவிடும்.

கேள்வி (ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர்): ராஜபாளையம் நாயில் இரத்தம் கலந்துவிடக்கூடாது என்று ஒரே ஈத்து ஆணையும் பெண்ணையும் சேர்க்கிறார்கள். தப்பா?

பதில்: தப்புதான். அப்படிப் பிறக்கும் குட்டியின் நெருக்க அளவு, அதாவது ஒரே முன்னோரின் ஒரே மரபணு தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் வந்து சேரும் வாய்ப்பு, 25 சதவீதம். தகப்பன்–மகள், தாய்–மகன் சேர்க்கைக்கும் அதே 25. தகப்பன் ஒன்று, தாய் வேறு என்றால் 12.5. தாத்தா–பேத்திக்கும் 12.5. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் அளவு உறவு என்றால் 6.25. இதெல்லாம் மேற்கொண்டு உறவில்லாத முன்னோருக்கான கணக்கு. முன்னோரே நெருக்கத்தில் பிறந்திருந்தால் இன்னும் ஏறும். 6.25-க்குள் நிறுத்துவது நல்லது.

வினை முதல் ஈத்திலேயே தெரியாது, அதனால்தான் பழக்கம் தொடர்கிறது. எட்டு குட்டி போட்ட வழியில் ஐந்து, பிறகு மூன்று என்று குறையும். முதல் வாரத்தில் காரணம் தெரியாமல் குட்டிகள் சாகும். ஒற்றை விரை இறங்காத கடுவன்கள் வரும். இந்த மூன்றில் இரண்டைப் பார்த்தாலே அடுத்த இணையை வெளியிலிருந்து கொண்டுவாருங்கள்.

இன்னொன்று, பேர்போன ஒரே கடுவனுக்கு ஊரிலுள்ள பெட்டையெல்லாம் போவது. ஐந்தாறு வருடத்தில் எந்த வீட்டுக் குட்டியை எடுத்தாலும் அதன் பேரனாக இருக்கும், உறவில்லாத இணையே கிடைக்காது. அந்தக் கடுவனிடம் ஒளிந்திருந்த குறையும் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அதைவிட அதன் கூடப்பிறந்த இன்னொரு கடுவனையும், முடிந்தால் வேறு வழிக் கடுவனையும் பயன்படுத்துங்கள்.

கேள்வி (அதே வாசகர்): வெள்ளைக் குட்டிகளில் செவிடு வருகிறதே?

பதில்: உள்காதுக்கு நிறமி செல்கள் தேவை. முழு வெள்ளை நாய்களில் அவை அங்கே போய்ச் சேராமல் போவதுண்டு. அப்போது பிறந்த சில வாரங்களில் கேட்கும் செல்கள் அழிந்துவிடும். ஐந்து, ஆறு வாரத்தில் சோதியுங்கள். குட்டியைத் தனியாக எடுத்து, தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கைதட்டினாலோ தரையில் தட்டினாலோ காற்றையும் அதிர்வையும் உணர்ந்து திரும்பும், அது கணக்கில் சேராது. கூட்டத்தில் வைத்தும் பார்க்கக்கூடாது, பக்கத்துக் குட்டி எழுந்தால் செவிட்டுக் குட்டியும் எழும்.

ஒரு காது மட்டும் கேட்கிற குட்டி இதில் தப்பிவிடும். அதைக் கண்டுபிடிக்க மூளையின் மின்னலையை அளக்கும் பரிசோதனை வேண்டும். செவிட்டுக் குட்டி பிறந்தால் அதே சோடியை மறுபடி சேர்க்காதீர்கள்.

கேள்வி (சங்கரன்கோவில் வாசகர்): முயல் விடாமல் வேட்டைத் திறனை எப்படிச் சோதிப்பது?

பதில்: காட்டு முயலை நாயைவிட்டுத் துரத்துவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைதான். பிடிக்காவிட்டாலும், முயற்சியே குற்றம். கோயில் வேட்டை என்ற சாக்கும் எடுபடாது.

இழுவைத் துணி ஓட்டம் வைக்கலாம். பழைய வண்டியின் ஸ்டார்ட்டர் மோட்டார், 12 வோல்ட் பேட்டரி, கயிறு சுற்ற ஒரு சக்கரம், மெல்லிய நைலான் கயிறு, நுனியில் வெள்ளைத் துணி. திருப்பம் வேண்டுமென்றால் தரையில் அடித்த கப்பிகள் வழியாகக் கயிற்றை விடலாம். செங்கோணத்தைவிடக் கூர்மையான திருப்பம் கூடாது. துணி நாய்க்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னே ஓட வேண்டும். ரொம்பத் தள்ளிப்போனால் நாய் விட்டுவிடும், மூக்கருகே ஓடினால் குப்புற விழும். கடைசியில் துணியைப் பிடிக்க விடுங்கள், இல்லாவிட்டால் நாலு தடவையில் சலித்துவிடும். ஓடுகிற கயிறு காலில் பட்டால் கத்தி போல அறுக்கும், அதனால் பிடிக்குமுன் மோட்டாரை நிறுத்த ஒரு ஆள் சுவிட்ச் அருகிலேயே இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் பெரிய ஆபத்து தரைதான். கோடையில் கரிசல் வெடிப்புக்குள் பாதம் போனால் எலும்பு முறியும். சோளம் அறுத்த தட்டையில் கால் குத்தும். முதலில் நீங்கள் நடந்து பாருங்கள். பதினைந்து மாதம் ஆகாத நாயை முழு வேகத்தில் ஓட்டாதீர்கள், எலும்பு முற்றியிருக்காது. காலை ஏழு மணிக்குமுன் முடித்துவிடுங்கள். தள்ளாடினால், நாக்கு கருஞ்சிவப்பானால் உடனே சாதாரணத் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி விசிறுங்கள், அதன் பிறகுதான் மருத்துவரிடம் கிளம்ப வேண்டும்.

பார்க்க வேண்டியது வேகத்தை மட்டுமல்ல. துணி திரும்பும் இடத்தை முன்கூட்டி உணர்ந்து குறுக்கே வெட்டுகிறதா? கண்ணிலிருந்து மறைந்ததும் நின்றுவிடுகிறதா, கடைசியாகப் பார்த்த இடம்வரை போய்த் தேடுகிறதா? பின்னதுதான் இனத்துக்கு வேண்டிய நாய்.

கேள்வி (மதுரை வாசகர்): வேகத்துக்காக கிரேஹவுண்ட் கலக்கலாமா?

பதில்: முதல் தலைமுறை நேர் ஓட்டத்தில் அசத்தலாம். அவற்றையே ஒன்றோடொன்று சேர்த்தால் ஒன்று இப்படி, ஒன்று அப்படி என்று வரும். நம் வெயிலையும் முள்ளையும் எளிய தீனியையும் தாங்கும் உடம்புதான் முதலில் போகும். கலப்பைச் சிப்பிப்பாறை என்று விற்பது ஏமாற்று. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய கால்நடை மரபணு வளப் பணியகத்தில் பதிவான இனங்கள்.

புது இரத்தம் வேண்டுமென்றால் அதே இனம் இன்னும் வேலை செய்கிற ஊர்களில் தேடுங்கள். அமெரிக்காவில் பசென்ஜி நாய்களுக்கு இரத்தம் சுருங்கிப்போனபோது ஆப்பிரிக்கக் கிராமங்களிலிருந்தே நாய்களைக் கொண்டுவந்து, 1990-இல் பதிவேட்டைத் திறந்து சேர்த்துக்கொண்டார்கள். இங்கே நிறத்தை வைத்து இது கன்னி இனம், இது சிப்பிப்பாறை இனம் என்று சண்டை போட்டு, நல்ல ஓட்டக்காரக் குட்டியைக் கழிக்கிறார்கள்!

கேள்வி (தேனி வாசகர்): என் கோம்பை இன நாய் யார் வந்தாலும் கடிக்கிறது. வீரியம் என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வாலை ஒடுக்கிப் பின்வாங்கி, திரும்பி நடப்பவரின் பின்னங்காலைக் கவ்வினால் அது பயம். பயம் குட்டிக்கும் போகும். சேர்க்காதீர்கள்.

கேள்வி (விருதுநகர் வாசகர்): பெட்டையை எந்த வயதில் சேர்க்கலாம்?

பதில்: 2017 நாய் இனப்பெருக்க விதிகளின்படி 18 மாதம் நிறைய வேண்டும், எட்டு வயதுக்குமேல் கூடாது. 12 மாதத்தில் ஒரு ஈத்து, வாழ்நாளில் மொத்தம் ஐந்து. குட்டியை எட்டு வாரத்துக்குமுன் விற்கக்கூடாது. ஆனால் ஓட்டத்துக்காக வளர்ப்பவர் இரண்டரை வயதுவரை பொறுப்பது நல்லது. அதற்குள் ஒரு முழுப் பருவம் ஓடிப் பார்த்திருப்பீர்கள், எதைச் சேர்க்கிறோம் என்று தெரிந்து சேர்க்கலாம்.