நாலாயிரத்தைத் தாண்டினால் இன்ஜின் போய்விடுமா?

கேள்வி: பல்சர் 150 பைக் வைத்திருக்கிறேன். “ஆர்.பி.எம். முள் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) 4,000-ஐத் தாண்டக் கூடாது, சீக்கிரம் டாப் கியருக்குப் போய்விடுங்கள், இன்ஜினும் உழைக்கும், மைலேஜும் கிடைக்கும்” என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். அப்படித்தான் ஓட்டுகிறேன். மனைவியோடு கொல்லிமலை ஏறும்போது வண்டி முக்குகிறது. டப்பாவில் சில்லறையைக் குலுக்குவது போலச் சத்தம் வருகிறது. ஒரு கொண்டை ஊசி வளைவில் ஆஃப் ஆகிச் சாயப் பார்த்தது. இப்போது போர் (சிலிண்டரின் உட்சுவர்) வேலை செய்யணும் என்கிறார்கள். எந்த ஆர்.பி.எம்.மில் ஓட்டுவதுதான் சரி?
— நாமக்கல் வாசகர்

பதில்: முதலில், இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். போர் தேய்ந்த வண்டி சைலன்சரில் நீலப்புகை தள்ளும், ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும், சமதளத்திலும் இழுவை இருக்காது. இந்த மூன்றும் இல்லை, அந்தச் சத்தம் மேட்டில் மட்டும் வருகிறது, ஒரு கியர் குறைத்ததுமே நின்றுவிடுகிறது என்றால், கோளாறு சிலிண்டரில் இல்லை. உங்களுக்குச் சொல்லித்தந்த ஓட்டும் முறையில் இருக்கிறது.

உங்கள் வண்டியின் இழுவிசை உச்சத்துக்கு வருவதே, மாடலைப் பொறுத்து, 6,000 முதல் 6,500 ஆர்.பி.எம்.மில். முழு சக்தி கிடைப்பது 8,000-ஐ எட்டிய பிறகு. 4,000-க்குக் கீழேயே ஓட்டு என்பது, இரண்டு ஆள் தூக்க வேண்டிய மூட்டையை ஒருவர் தலையில் ஏற்றுவது போலத்தான். முள் 5,000-இல் நிற்கும்போது சிலிண்டருக்குள் வினாடிக்கு நாற்பது முறைக்கு மேல் பெட்ரோல் எரிகிறது. 2,500-இல் இருபது முறைதான். அதே மேடு, அதே இரண்டு பேர். வேகம் குறையாமல் ஏற வேண்டுமானால் ஒவ்வொரு எரிப்பும் இரண்டு மடங்கு பலமாகப் பிஸ்டனைத் தள்ளியாக வேண்டும். நீங்கள் ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்குகிறீர்கள், இன்ஜினோ மெதுவாகச் சுற்றுகிறது. உள்ளே சூடும் அழுத்தமும் ஏறி, எரிய வேண்டிய கலவை தானாகவே வெடிக்கிறது. நீங்கள் கேட்ட சில்லறைச் சத்தம் அதுதான், நாக்கிங். போதாததற்கு ஆயில் பம்பும் இன்ஜின் வேகத்துக்கு ஏற்பத்தான் சுற்றுகிறது. அடி அதிகமாக விழும் நேரத்தில் ஆயில் ஓட்டம் குறைவு. கனெக்டிங் ராட் பேரிங், செயின், பின்சக்கரத்துக்குள் அதிர்வைத் தாங்கும் ரப்பர் எல்லாம் இப்படித்தான் சீக்கிரம் போகின்றன.

ஒருவர் மட்டும், சமதளச் சாலை என்றால் 4,000 முதல் 5,500 வரை சுகமாக இருக்கும். டாப் கியரில் 60 கி.மீ. வேகம் சுமார் 5,000-இல் வரும். பின்னால் ஆள், மேடு, எதிர்க்காற்று என்றால் 5,000 முதல் 6,500. ஓவர்டேக் செய்யும்போது ஒரு கியர் குறைத்து 7,500 வரை போகலாம், ஒன்றும் ஆகாது. 7,000-க்கு மேலேயே மணிக்கணக்கில் ஓட்டினால் கைப்பிடியில் அதிர்வு ஏறும், கை மரத்துப்போகும். சிவப்புக் கோட்டுக்குள் மட்டும் போகாதீர்கள்.

ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். 3,000-இல் ஓட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நாமக்கல் டவுனுக்குள் நாலாவது கியரில், ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் உருட்டிக்கொண்டு போகிறீர்களா? தாராளமாகப் போங்கள், அங்கே இன்ஜினுக்குப் பாரமே இல்லை. பெட்ரோலும் மிச்சம். ஆனால் அதே 3,000-இல், அதே கியரில், முன்னால் பஸ் விலகியதும் ஒரேயடியாக முறுக்கினால் அதுதான் தப்பு. அதாவது முள் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பார்க்காதீர்கள், கை எவ்வளவு முறுக்கியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முறுக்குகிறீர்கள், வேகம் ஏறவில்லை, உடம்பு முழுக்கக் குலுங்குகிறது என்றால் கியரைக் குறைக்க வேண்டும். மீட்டரே இல்லாத வண்டிக்கும் இந்த அடையாளம் போதும். தினமும் பாரம் சுமக்கும் 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் கம்பெனிகள் ஆர்.பி.எம். மீட்டரே வைப்பதில்லை. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு அது கிடையாது.

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். பாரமும் செங்குத்தும் அதிகம் என்றால் முதல் கியர். முள் 3,500-க்குக் கீழே இறங்காமல் ஆக்சிலேட்டரை ஒரே அளவில் பிடித்தபடி வளையுங்கள். மூன்றாவது கியரில் நுழைந்து நடுவளைவில் கியர் மாற்றப் போனால், கிளட்ச் பிடித்த அந்த நொடியில் இழுவை அறுந்து வண்டி உட்புறம் சாயும். காலை ஊன்றப் போனால் அந்தப் பக்கம் தரை தாழ்ந்திருக்கும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். கியர் குறைக்காமல் அரை கிளட்சிலேயே ஏற்றுவதும் வேண்டாம், கிளட்ச் பிளேட் கருகும். கருகிவிட்டதா என்று பார்க்க, டாப் கியரில் 40-இல் போகும்போது சட்டென்று முறுக்குங்கள். முள் மட்டும் துள்ளி, வேகம் ஏறாவிட்டால் பிளேட் போய்விட்டது.

இதையெல்லாம் லைசென்ஸ் தரும் இடத்திலாவது கற்றுத்தர வேண்டாமா? எட்டுப் போடச் சொல்கிறார்கள். ஒரே கியரில், கால் ஊன்றாமல் சுற்றி வந்தால் பாஸ். மேட்டில் நிறுத்தி எடுக்கத் தெரியுமா, இறக்கத்தில் எந்தக் கியர் என்று ஓட்டிக் காட்டச் சொல்வது பெரும்பாலும் கிடையாது. அந்த இடைவெளியில்தான் “மைலேஜ் செட்டிங்” வியாபாரிகள் நுழைகிறார்கள். பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டை (செயின் மாட்டும் பல்சக்கரம்) பல் குறைந்ததாக மாற்றுவார்கள். முள் இறங்கும், காசும் போகும், மேட்டில் இன்னும் அதிகம் முக்கும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சின்னதாக்கி, பெட்ரோலைக் குறைத்து, இன்ஜினைச் சூடேற்றுவார்கள். உங்கள் ஸ்ப்ராக்கெட்டில் எத்தனை பல் என்று எண்ணி, கம்பெனி கணக்கோடு ஒப்பிடுங்கள். பழைய வண்டி வாங்கும்போது புரோக்கர் ஐடிலிங்கை (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏற்றிவைத்து, ஆஃப் ஆகும் குறையை மறைப்பார். சூடான பல்சர் 1,300–1,500-இல் ஆஃப் ஆகாமல் ஓட வேண்டும்.

இறங்கும்போது நியூட்ரல் போடுவதும், சாவியை அணைப்பதும் உயிரோடு விளையாடுவது. பிரேக் மட்டும் தாங்க வேண்டியிருக்கும். சூடேறிய பிரேக், பாதி மலையிலேயே பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அப்போது முள் 5,000-க்குப் போனாலும் பயப்பட வேண்டாம், இன்ஜினுக்குப் பாரமில்லை. எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டியாக இருந்தால், அந்த நேரத்தில் உள்ளே பெட்ரோல் கிட்டத்தட்டப் போவதே இல்லை. நியூட்ரலில் உருட்டி மிச்சம் பிடிக்கிறோம் என்பவர்களுக்கு, ஐடிலிங்கில் போகும் பெட்ரோல்தான் செலவு.