கர்ப்பப்பைக் கோளாறுக்குக் கிட்னி ஸ்கேன் எதற்கு?

கேள்வி: மகளுக்கு 16 வயது. மாதவிடாய் நாட்களில் கடும் வலி. ஸ்கேனில் கர்ப்பப்பை ஒரு பக்கம்தான் வளர்ந்திருப்பதாகத் தெரிந்தது. கிட்னியையும் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். தேவையா?

கண்டிப்பாகத் தேவை. கருவில் சிறுநீரகம், கர்ப்பப்பை இரண்டும் முதுகுப்புறத்துத் திசுப் பட்டை ஒன்றிலிருந்தே உருவாகின்றன. நான்காம் வாரத்தில் இருபுறமும் வோல்ஃபியன் குழாய் என்ற மெல்லிய குழாய் கீழ்நோக்கி வளரும். ஐந்தாம் வாரம் அதன் அடிமுனையில் ஒரு மொட்டு கிளம்பும். அந்த மொட்டு பக்கத்துத் திசுவுக்குள் புகுந்து கிளை விட்டால்தான் சிறுநீரகம். ஆறாம் வாரத்தில் முல்லேரியன் குழாய் தோன்றி, அதே வோல்ஃபியன் குழாயை ஒட்டியபடியே கீழே இறங்குகிறது. இரு பக்கத்து முல்லேரியன் குழாய்களும் நடுவில் சேர்ந்தால் அதுதான் கர்ப்பப்பை. ஆக, ஒரு பக்கத்து வோல்ஃபியன் குழாயில் கோளாறு என்றால் அந்தப் பக்கச் சிறுநீரகமும் அந்தப் பக்கக் கர்ப்பப்பையும் சேர்ந்தே அடிபடலாம். சினைப்பை இந்தக் குழாய்களிலிருந்து வளர்வதில்லை. அதனால் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஒரு சிறுநீரகமே இருந்தாலும் பயமில்லை. ரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் வருடம் ஒருமுறை பரிசோதித்தால் போதும். எனக்கு அந்த வலிதான் முக்கியமாகப் படுகிறது. வளராத பக்கத்தில் வழியில்லாத சிறு அறை இருந்து, அதற்குள் ரத்தம் தேங்குகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஐந்தாம் மாதம். பனிக்குட நீர் குறைவு என்று குழந்தையின் கிட்னியை ஆராய்கிறார்கள். தண்ணீர் குடிக்க வேண்டியது நான்தானே?

தண்ணீர் குடியுங்கள், நல்லதுதான். ஆனால் நாலு மாதத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர். முகம் சுளிக்க வேண்டாம். கழிவை நஞ்சுக்கொடி அகற்றிவிடுவதால் அது ஏறக்குறைய வெறும் தண்ணீர். நீர் கசிவு, நஞ்சுக்கொடிக் கோளாறு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

கேள்வி: கல் இருப்பது கிட்னியில், வலி விதையில். ஏன்?

விதை பிறந்த இடம் விதைப்பை அல்ல, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். இடம் மாறினாலும் நரம்பும் ரத்தக் குழாயும் பழைய விலாசத்திலிருந்தே வருகின்றன. இன்றும் இடது விதையின் சிரை போய்ச் சேர்வது இடது சிறுநீரகச் சிரையில்தான். வலி சிறுநீரகத்திலிருந்து வருகிறதா, விதையிலிருந்து வருகிறதா என்று மூளைக்குப் பிரித்தறியத் தெரிவதில்லை. ஆனால் திடீரென்று விதை வீங்கிக் கடுமையாக வலித்தால் கல் என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள். விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம், உடனே ஓடுங்கள்.

கேள்வி: பேரனுக்கு நாலு மாதம். ஒரு விதை இறங்கவில்லை. தானாகச் சரியாகுமா?

ஆகலாம். நிறைமாதக் குழந்தைகளிலேயே நூற்றில் மூன்று பேருக்கு இப்படி உண்டு. குறைமாதத்தில் இன்னும் அதிகம். ஆறு மாதம் வரை பார்க்கலாம். அப்புறமும் இறங்காவிட்டால் ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை முடிந்துவிட வேண்டும். 'பெரியவனானால் இறங்கும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுத் தள்ளிப்போடாதீர்கள். பிற்காலத்தில் விந்தணுக் குறைவும் புற்றுநோய் வாய்ப்பும் கூடும். பிறந்த குழந்தைக்கு இரண்டு விதைகளுமே கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, ஹார்மோன் பரிசோதனை உடனே செய்தாக வேண்டும்.