விஸ்கி வாங்குபவர்கள் கேட்டவை

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் காசு போட்டு ஆறு வகை விஸ்கி வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தோம். மூன்றாவதைத் தாண்டியதும் எல்லாம் ஒரே மாதிரி எரிகிறது. கோளாறு நாக்கிலா, சரக்கிலா? (காரைக்குடி)

பதில்: ஆறு அதிகம். ஒரு மாலைக்கு மூன்று போதும். பழகியவர்கள் நான்கு வரை போகலாம். ஒவ்வொன்றிலும் 15 மி.லி.க்கு மேல் ஊற்றாதீர்கள். பெக் அளவில் ஊற்றினால் ஒப்பிடுவது இரண்டாவது சுற்றிலேயே நின்றுவிடும். அளப்பதற்கு மருந்துக் கடையில் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாப்பாடு. மிளகுக் கோழி வறுவலைக் கடித்துவிட்டு விஸ்கியைச் சுவைத்தால் எரிச்சல் மட்டும்தான் தெரியும். மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு முனைகளைத்தான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. வறுவல் கடைசியில் வரட்டும். இடையில் வாய் கழுவ வெறும் பொரியோ பிரெட்டோ, தண்ணீரோ போதும். ஒரு மணி நேரம் முன்பிருந்தே காபி, வெற்றிலை வேண்டாம். வீட்டில் சாயங்காலம் சாம்பிராணி போட்டிருந்தால் அந்த அறையில் உட்காராதீர்கள். புகை வாசம் உள்ள விஸ்கி எது, இல்லாதது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊற்றும் கண்ணாடிக் குவளை வயிறு பெருத்து வாய் குறுகியதாக இருக்கட்டும். எவர்சில்வர் டம்ளர் ஆகாது. எலுமிச்சை வாசனை சோப்பில் கழுவியிருந்தால் வெந்நீரில் இன்னொரு முறை அலசுங்கள். முகரும்போது மூக்கை உள்ளே நுழைக்காமல் விளிம்போடு நிறுத்தி, வாயைக் கொஞ்சம் திறந்துகொள்ளுங்கள். நம் ஊர் மே மாத மதியத்தில் ஆல்கஹால் ஆவி முந்திக்கொண்டு வந்து மூக்கை அடைக்கும். இருட்டிய பிறகு உட்காருவது நல்லது.

பலரும் விட்டுவிடுவது பலத்தை, அதாவது ஆல்கஹால் சதவீதத்தை, சமமாக்குவதை. முதலில் தண்ணீர் இல்லாமல் ஒரு துளி நாக்கில் வையுங்கள். பிறகு எல்லாவற்றையும் சுமார் 30 சதவீதத்துக்கு இறக்குங்கள். 15 மி.லி. விஸ்கிக்குக் கணக்கு இது: லேபிளில் 42.8 என்றிருந்தால் தண்ணீர் ஆறரை மி.லி., 46 என்றால் 8, 50 என்றால் 10. இப்படிச் செய்யாமல் 50 சதவீதம் உள்ள இந்திய விஸ்கியான அம்ருத் ஃபியூஷனை 42.8 சதவீத பாட்டிலின் பக்கத்தில் வைத்தால், 'கிக்' அதிகம் உள்ளதுதான் நல்ல சரக்கு என்று ஜெயித்துவிடும். சம்பை ஊற்றுத் தண்ணீரோ கேன் தண்ணீரோ, எல்லாக் கண்ணாடிக்கும் ஒரே தண்ணீர். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

குடிக்காத ஒருவர் ஊற்றி, கண்ணாடி அடியில் எண் எழுதட்டும். பெயரும் விலையும் தெரிந்தால் நாக்கு அதற்கு ஏற்பத்தான் பேசும். நிறத்தைப் பார்த்தும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஸ்காட்ச்சிலேயே கேரமல் நிறமி சேர்க்க அனுமதி உண்டு. அப்படியும் பார்க்க ஆசை என்றால் வெள்ளைத் தாள் மேல் வையுங்கள், ஆத்தங்குடிக் கல் மேல் வைத்தால் எல்லாமே பொன்னிறம்தான்.

எதை எதோடு ஒப்பிடுவது? ஒரே ஒரு அம்சம் மட்டும் மாறுகிற ஜோடியாகத் தேடுங்கள். பால் ஜான் பிரில்லியன்ஸ், போல்ட் இரண்டும் கோவாவில் ஒரே ஆலையில் வடித்த சிங்கிள் மால்ட் (முளைகட்டிய பார்லியில் மட்டும், ஒரே ஆலையில் வடிக்கும் விஸ்கி), இரண்டும் 46 சதவீதம். பின்னதில் மட்டும் பீட் புகை உண்டு (பீட் என்பது பார்லியைக் காயவைக்க எரிக்கும் சதுப்பு நிலக் கரிமண்). கிடைத்தால் இந்த ஜோடியில் தொடங்குங்கள். புகை என்றால் என்ன என்பது ஒரே மாலையில் பிடிபடும். பீட் உள்ளது எப்போதும் கடைசி. முதலில் குடித்தால் அடுத்தது சப்பென்று இருக்கும்.

நான்கு கண்ணாடி, ஆளுக்கு 60 மி.லி., அதாவது சுமார் 20 கிராம் ஆல்கஹால். 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மி.கி. என்ற வாகனச் சட்ட வரம்பை இதுவே தாண்டிவிடலாம். பைக் சாவியை முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு சிங்கிள் மால்ட்டில் ஐஸ் போட்டதும் பால் கலந்த மாதிரி மங்கியது. கலப்படமா? (தேவகோட்டை)

பதில்: லேபிளில் 46 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் ஆலையில் குளிரவைத்து வடிகட்டாத சரக்கு. அதில் உள்ள கொழுப்பு அமில எஸ்டர்கள் பலம் குறைந்தாலோ குளிர்ந்தாலோ கரையாமல் வெளிப்படும். அதுதான் மங்கல். பயமில்லாமல் குடிக்கலாம். ஆனால் 40 சதவீத பாட்டில் சாதாரண வெப்பத்தில், திறக்கும் முன்பே கலங்கலாக இருந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: 12 வருஷ ஸ்காட்ச் வாங்கும் காசுக்கு, வயதே போடாத இந்திய மால்ட்டை வாங்குவது ஏமாளித்தனம் இல்லையா? (பள்ளத்தூர்)

பதில்: இல்லை. 12 என்றால் பாட்டிலில் உள்ளதில் மிக இளைய விஸ்கி பீப்பாயில் கிடந்த வருஷக் கணக்கு. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரில் 10 சதவீதத்துக்கு மேல். நம் சூட்டில் மரத்தின் சுவையும் வேகமாக இறங்கும், அவ்வளவு காலம் வைத்தால் பீப்பாயில் மிஞ்சுவதும் கொஞ்சம்தான். பெங்களூர் அம்ருத் நிறுவனம் 2004-இல் தன் சிங்கிள் மால்ட்டை முதலில் விற்பனைக்கு வைத்ததே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். வயதைவிட லேபிளில் 'சிங்கிள் மால்ட்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த பல இந்திய விஸ்கிகள் கரும்புச் சர்க்கரைப்பாகுக் கழிவிலிருந்து வடித்த சுவையற்ற ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட் கலந்தவை. அவற்றை மால்ட்டோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வரும் மச்சானிடம் மூன்று பாட்டில் சொல்லலாமா? (கானாடுகாத்தான்)

பதில்: ஒருவருக்குத் தீர்வையில்லாமல் 2 லிட்டர். 700 மி.லி. பாட்டில் மூன்று என்றால் 2.1 லிட்டர், 100 மி.லி.க்காக சுங்கத்தில் நிற்க வேண்டிவரும். 1 லிட்டர் பாட்டில் இரண்டாகச் சொல்லுங்கள். 'சிங்கப்பூர் சரக்கு' என்று ஊருக்குள் யாராவது கொண்டுவந்து விற்றால் தொடாதீர்கள். உரிமம் இல்லாத விற்பனை அது. காலி பாட்டிலில் மலிவானதை நிரப்புவதும் நடக்கிறது. நீங்கள் காலி செய்யும் பாட்டிலின் லேபிளைக் கிழித்துவிட்டே பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள்.

கேள்வி: டாஸ்மாக்கில் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுத்துத்தான் ஆகவேண்டுமா? (புதுவயல்)

பதில்: காலி பாட்டில் திரும்பப் பெறும் திட்டம் உள்ள கடையானால் அந்தப் பத்து ரூபாய் வைப்புத்தொகை, பாட்டிலில் ஸ்டிக்கர் இருக்கும், திருப்பிக் கொடுத்தால் காசு வரும். ஸ்டிக்கர் இல்லையென்றால் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்க யாருக்கும் உரிமை கிடையாது. பில் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: அப்பச்சி காலத்து பாட்டில், தக்கை உள்ளே உடைந்து விழுந்துவிட்டது. (கோட்டையூர்)

பதில்: சுத்தமான மல்துணியில் வடிகட்டி, கொதிநீரில் அலசிக் காயவைத்த திருகு மூடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்புங்கள். படுக்க வைத்திருந்திருப்பார்கள், ஆல்கஹால் தக்கையை அரித்திருக்கும். விஸ்கியை எப்போதும் நிறுத்தித்தான் வைக்க வேண்டும். முற்றத்து வெயில் படாத உள்ளறை அலமாரி சரியான இடம். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிய பாட்டிலைச் சில மாதங்களுக்குள் முடித்துவிடுங்கள், அல்லது சின்ன பாட்டிலுக்கு மாற்றுங்கள்.