டோர் வழியே டோரென்ட்: முகவரி மறையுமா?

கேள்வி: லினக்ஸ் இயங்குதளக் கோப்புகளை டோரென்ட் (பயனர்கள் தங்களுக்குள் நேரடியாகக் கோப்பைப் பகிரும் முறை) மூலம் இறக்கிப் பகிர்ந்து வருகிறேன். டோரென்ட் மென்பொருளின் பிராக்சி (இடையில் நின்று இணைப்பைக் கடத்தும் கணினி) அமைப்பில், இணைப்பைப் பல கணினிகள் வழியே சுற்றிவிடும் டோர் வலையமைப்பைக் கொடுத்துவிட்டால், இணையத்தில் என்னை அடையாளம் காட்டும் ஐபி முகவரி யாருக்கும் தெரியாது என்கிறார் நண்பர். சரிதானா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு)

பதில்: பெயரை மறைத்துக் கேட்டது கேள்விக்குப் பொருத்தம்தான், ஆனால் நண்பர் சொன்ன வழியில் முகவரி மறையாது. இது வேண்டாமென்று டோர் திட்டத்தினரே 2010-ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார்கள். யாரிடம் கோப்பு இருக்கிறது என்று சொல்லும் டிராக்கருக்கு உங்கள் மென்பொருள் ஒரு செய்தி அனுப்புகிறது; சில மென்பொருள்கள் அந்தச் செய்திக்குள்ளேயே உங்கள் உண்மையான ஐபி முகவரியை எழுதிவிடுகின்றன. உறையின் மேல் அனுப்புநர் பெயரை எழுதாமல், உள்ளே கடிதத்தில் வீட்டு விலாசத்தை எழுதிய கதைதான். தவிர, இணையத்தில் தரவு அனுப்பும் முறைகளில் டிசிபி வகை இணைப்புகளை மட்டுமே டோர் சுமக்கும். டிராக்கர் இல்லாமலே பிறரைத் தேடும் டிஎச்டி முறை யுடிபி என்ற வேறு வகையில் இயங்குவதால், அது பிராக்சியைத் தாண்டி நேராக வெளியே போய்விடக்கூடும். பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தினர் இத்தகைய ஓட்டைகளின் வழியே பயனர்களின் முகவரிகளைக் கண்டுபிடித்ததோடு, டோரில் அதே கணினித் தொடர் வழியே அவர்கள் பார்த்த இணையதளங்களையும் அவர்களோடு பொருத்திக் காட்டினார்கள்.

இந்த வேலைக்கு ஏற்றது, 2003-இல் தொடங்கிய ஐடூபி; பிற பயனர்களின் கணினிகள் வழியே தரவைக் கைமாற்றி அடையாளத்தை மறைக்கும் வலையமைப்பு இது. அதனுடன் வரும் ஐடூபிஸ்னார்க் என்ற டோரென்ட் மென்பொருளை உலாவியில் 127.0.0.1:7657 என்ற (உங்கள் கணினியையே குறிக்கும்) முகவரி வழியே திறந்து பார்த்தால், பகிர்வோர் பட்டியலில் ஐபி எண்கள் இருக்காது. மறையாக்கச் சாவிகளிலிருந்து பிறந்த எழுத்துக் கோவைகளே இருக்கும். அங்கே தரவு செல்லும் இணைப்புகளான சுரங்கங்கள் ஒருவழிப் பாதைகள். ஒவ்வொன்றிலும் வழக்கமாக மூன்று கணினிகள். உங்கள் கோரிக்கை உங்கள் வெளிச்சுரங்கத்தையும் எதிராளியின் உட்சுரங்கத்தையும் கடந்து போய், பதில் வேறு இரண்டின் வழியே திரும்புவதால், ஒருமுறை போய்வரப் பன்னிரண்டு கணினிகள் கைமாற்ற வேண்டியிருக்கிறது. வேகத்தை எதிர்பார்க்காதீர்கள், பெரிய கோப்பென்றால் இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போய்விடலாம்.

ஐடூபிக்குள் இருப்பவர்களிடமிருந்து மட்டுமே கோப்பு கிடைக்கும் என்பது இன்னொரு குறை. கியூபிட்டோரென்ட் என்ற டோரென்ட் மென்பொருள் 4.6 பதிப்பிலிருந்து சோதனை நிலையில் ஐடூபியை ஆதரிக்கிறது. அதில் உள்ள கலப்பு முறையை இயக்கினால் சாதாரண ஐபி முகவரிகளுடனும் அது இணையும், மறைவும் அத்தோடு போய்விடும். நீங்கள் ஐடூபி பயன்படுத்துகிறீர்கள் என்பதும் மறையாது; எதைப் பகிர்கிறீர்கள் என்பதே மறையும். லினக்ஸ் கோப்புகளைப் பகிர்வது சட்டப்படியானதே என்பதால், உங்களுக்கு இத்தனை பாடு தேவையா என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.