மானிடவியல் மறுதேர்வு: வரையறை எழுதியும் ஏன் தோற்றோம்?

கேள்வி: வரையறையை அப்படியே ஒப்பித்தேன், தேறவில்லை. மறுதேர்வுக்கு எப்படிப் படிப்பது?

‘இடைநிலை’யை எடுத்துக்கொள்வோம். பழைய நிலையை விட்டாயிற்று, புதிய நிலை இன்னும் வரவில்லை. சடங்கின் அந்த நடுப்பகுதிதான் அது. 1909இல் மானிடவியலாளர் ஆர்னால்ட் வான் கெனப், ஒருவர் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும் சடங்குகளைப் பிரிதல், இடைநிலை, சேர்தல் என்று பகுத்தார். இதோடு நிறுத்தினால் பாதி விடைதான். நடுப்பகுதி ஏன் தேவை என்பதையும் எழுதவேண்டும்.

மொரிஷியஸில் நாம் பார்க்கும் தைப்பூசக் காவடியே போதும். (அது நிலை மாறும் சடங்கல்ல, வேண்டுதல்தான்; ஆனாலும் இந்த மூன்று பகுதி அமைப்பு பொருந்தும்.) விரதம் தொடங்கியதும் வங்கி மேலாளருக்கும் மீன்காரருக்கும் ஒரே மரக்கறிச் சாப்பாடு; ஊர்வலத்தில் ஒரே வெறுங்கால். அன்றாட அடையாளம் கழன்றால்தான் புதியது ஒட்டும். இப்படி ஒவ்வொரு கருத்துக்கும் கண்ணால் கண்ட சடங்கு ஒன்றைச் சேர்த்து எழுதிப் பழகுங்கள்.

இடைநிலையை வெறும் காத்திருப்பு என்று எழுதிவிடாதீர்கள். மாற்றம் நடப்பதே அங்கேதான்.