வாடை போகக் கழுவுகிறேன், ஏன் கூடுகிறது?

கேள்வி: பிறப்புறுப்புக்கென்றே விற்கும் திரவத்தால் தினமும் உள்ளேயும் கழுவுகிறேன். 'பி.எச். சமநிலை கொண்டது' என்று பாட்டிலில் போட்டிருக்கிறது. ஆனாலும் வாடை கூடியிருக்கிறது. வேறு பிராண்டுக்கு மாறலாமா?

பதில்: பிராண்டை மாற்ற வேண்டாம். உள்ளே கழுவுவதை இன்றே நிறுத்துங்கள்.

யோனிக்குள் இருக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, புளிப்புத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 3.8 முதல் 4.5 வரை காத்துவருகின்றன. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகளால் தலையெடுக்க முடியாது. பாட்டிலில் உள்ள திரவத்தின் பி.எச். அதே அளவில் இருந்தாலும், உள்ளே பீய்ச்சும்போது இந்த நல்ல பாக்டீரியாக்களும் அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. காலியான இடத்தில் வேறு பாக்டீரியாக்கள் பெருகினால் மீன் வாடை வரும். அந்த வாடையைப் போக்க இன்னும் கழுவுவோம். உங்களுக்கும் அதுவே நடந்திருக்கக்கூடும்.

இதில் உங்கள் தப்பு ஏதுமில்லை. இந்தக் கவலையைத் திட்டமிட்டு வளர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1873-இல் வந்த காம்ஸ்டாக் சட்டம், கருத்தடைப் பொருட்களைத் தபாலில் அனுப்பவும் விளம்பரம் செய்யவும் தடை போட்டது. கம்பெனிகள் அவற்றைப் 'பெண் சுகாதாரம்' என்ற பெயரில் மறைமுகமாக விற்றன. இன்று தரை துடைக்கும் லைசால், 1920-களிலிருந்து பல ஆண்டுகள் உள்ளே கழுவும் மருந்தாக விளம்பரமானது. விளம்பரத்தில் கணவன் முகங்கொடுத்துப் பேசவில்லை, மனைவி அழுகிறாள். காரணம், அவள் 'சுத்தத்தில்' அசட்டையாக இருந்தாளாம்! கருத்தடை என்று ஜாடையாகப் புரிந்துகொண்டு பெண்கள் வாங்கினார்கள். கருத்தரிப்பதை அது தடுக்கவில்லை. அதில் இருந்த கிரெசால் என்ற ரசாயனம் உட்புறத்தைப் புண்ணாக்கியது, உயிரையும் பறித்தது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது.

1960-இல் கருத்தடை மாத்திரை வந்த பிறகு, விற்பதற்கு வாடை என்ற பயமே மிஞ்சியது. சி.பி. ஃப்ளீட் நிறுவனத்தின் சம்மர்ஸ் ஈவ் என்ற கழுவும் திரவம் 1972-இல் சந்தைக்கு வந்தது. 2010-இல் அதன் விளம்பரம் ஒன்று, சம்பள உயர்வு கேட்பது எப்படி என்று பெண்களுக்கு யோசனை சொன்னது. முதல் யோசனை: எங்கள் திரவத்தால் கழுவிவிட்டுப் போங்கள்! எதிர்ப்பு கிளம்பியதும் அதைக் கைவிட்டார்கள்.

வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கையால் கழுவினாலே போதும். சோப்பு வேண்டுமென்றால் வாசனையில்லாத, மென்மையான ஒன்றை வெளியே மட்டும் போடுங்கள். மாதவிலக்கையொட்டியும் உடலுறவுக்குப் பிறகும் வாடை சற்று மாறுவது இயல்பு.

உங்களுக்கு வாடை கூடியே இருப்பதால் மகளிர் நோய் மருத்துவரை ஒருமுறை பாருங்கள். சாம்பல் நிறத்தில் நீர்த்த வெள்ளைப்படுதலோ, அரிப்போடு தயிர்க்கட்டி போன்ற கசிவோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சலோடு அடிவயிறு வலித்தால் அன்றைக்கே போக வேண்டும். பரிசோதனைக்கு முன் கூச்சப்பட்டு உள்ளே கழுவிவிடாதீர்கள்; கழுவிவிட்டால் எடுக்கும் மாதிரியில் கிருமி சரியாகத் தெரியாது.