சின்ன நாட்டின் தூதருக்குக் கோலாலம்பூரில் அப்படி என்ன வேலை?

பெரிய நாட்டுத் தூதரைவிட இவருக்குத்தான் வேலை அதிகம் என்பேன். அங்கே வாணிகம், விசா, கல்வி எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆள்; இங்கே மொத்தமே நாலைந்து பேர் இருந்தால் பெரிது. காலையில் புத்ராஜெயாவில் வெளியுறவு அமைச்சோடு பேச்சு. மதியம் கடப்பிதழைத் தொலைத்த மாணவன் வாசலில் நிற்பான், அதையும் பார்க்க வேண்டும். பல நேரம் பக்கத்து நாடுகளுக்கும் அவரே தூதர்.

சின்ன நாடான திமோர் லெஸ்தேயைப் பாருங்கள். 2011இல் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் சேர விண்ணப்பித்தது. 2025 அக்டோபரில், இதே கோலாலம்பூரில் நடந்த ஆசியான் மாநாட்டில்தான் 11ஆவது உறுப்பினரானது. இத்தனை ஆண்டும் அலுக்காமல் பேசிய தூதர்களுக்கு அதில் பெரும் பங்குண்டு.

பலர் வெளியுறவுப் பணியில் செயலாளர், ஆலோசகர் என்று படிப்படியாக ஏறி வருவார்கள். சிலரை அரசே நேரடியாக நியமிக்கும். எப்படியானாலும் மலேசியா முதலில் சம்மதிக்க வேண்டும். அப்புறம் மாமன்னரிடம் நியமனப் பத்திரம் கொடுக்க வேண்டும்.